இல்லாத குப்பை

அந்த வீட்டில் யாரையும் தூங்க வைக்கப் பாட்டு வேண்டாம். மோட்டார் ஓடினால் போதும். ஊர்க் கழிவுநீரை இழுத்துத் தள்ளுகிற பம்பு ஹவுசுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். சமையலறை அலமாரியில் டம்ளர்கள் எந்நேரமும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். விருந்தாளிகள் "இதென்ன சத்தம்?" என்பார்கள். வீட்டுக்காரர்கள் "எந்தச் சத்தம்?" என்பார்கள். சத்தம் நின்றால்தான் மூன்று பேரும் பதறி எழுந்து உட்காருவார்கள்.

மூன்று பேர் என்றால் பம்பு ஓட்டுகிறவர், அவர் மனைவி, அவருடைய அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. ஊருக்கு அவர் மோட்டார். இருபத்திரண்டு வருஷமாக மோட்டார். சுவரில் காதை வைத்து, "ரெண்டாம் நம்பர்ல பேரிங் அழுவுது" என்று சொல்வார். கழற்றிப் பார்த்தால் அழுதுகொண்டுதான் இருக்கும். மனைவி வாசல் அறையில் மெஷின் போட்டுக் கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்தாள். அக்கா பொத்தான் கட்டினாள். கணவர் போய்ப் பத்து வருஷமான அந்த அக்காவுக்குப் பொத்தான் கட்டுவது கைவேலை, ஊர் நியாயம் பேசுவது வாய்வேலை. இரண்டும் ஒன்றாகத்தான் நடக்கும்.

மோட்டாருக்குப் பெருங்குடல் முழுக்கப் புண் வந்தது. ஆறு வருஷம் ரத்தம் ரத்தமாகப் போனது. மனிதர் பாதியாகிவிட்டார். மருந்து கேட்காமல் கடைசியில் டாக்டர்கள் பெருங்குடலையே எடுத்துவிட்டு, சிறுகுடலின் கடைசி முழத்தை மடித்துத் தைத்து, வயிற்றுக்குள்ளேயே ஒரு பை செய்து வைத்தார்கள். வெளியே தொங்குகிற பை இல்லை. உள்ளேயே இருக்கிற பை. அடிவயிற்றில் வலப்பக்கம் கோட்டுப் பொத்தான் அளவுக்கு அதற்கு ஒரு வாய். வாய்க்கு உள்பக்கம், அதே குடலைத் திருப்பிச் செய்த ஒரு வால்வு. தானாக ஒரு சொட்டு வெளியே வராது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சுண்டுவிரல் பருமன் குழாயை உள்ளே விட்டு, பையைக் காலி செய்து, குழாயைக் கழுவி, வாயின் மேல் சின்னத் துணி ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

டாக்டர் படம் போட்டுக் காட்டியபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஒருபக்க வால்வா? அதத்தான சார் நான் இருபத்திரண்டு வருஷமா கழட்டி மாட்டிட்டிருக்கேன்!"

ஆனால் இரும்பு வால்வு சொன்னதைக் கேட்கும். சதை வால்வுக்குக் கோபதாபம் உண்டு. சோறு உள்ளே போன அரைமணியில் வயிறு உருளும். காற்று சேர்ந்துவிட்டால் தொப்புளைச் சுற்றிக் கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி இருக்கும். குழைந்த சோறு, அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ரொட்டி என்று பழகினார். தோல், கொட்டை, நார் எதுவும் கூடாது. அக்கா எதிரே உட்கார்ந்து, அவர் மெல்லுவதை எண்ணுவாள்.

"இருபத்தி மூணு, இருபத்தி நாலு... டேய், முழுங்கிட்ட! ஆறு பாக்கி!"

"அக்கா, நீ எண்ணறதப் பாத்தா சோறே பயந்து கரைஞ்சிடும்."

"கரையட்டும். அதத்தான நர்ஸம்மா சொல்லிச்சு."

ஆறு மாதம் இப்படிப் போனது. வேலைக்குத் திரும்பினார். இன்ஜினியர் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதிகம் பேசாத, சட்டைக் கையை ஒருநாளும் மடித்துவிடாத மனிதர்.

"வயித்துல ஆபரேஷன்னு பேப்பர்ல இருக்கு. என்ன ஏதுன்னு நான் கேக்கல. இந்த மாசத்துல மிச்சமிருக்கற நாள் பூரா காலை ஷிப்ட் தனியாப் பாருங்க. மாசக் கடைசில நான் வந்து எழுதித் தரணும், தகுதியா இல்லையான்னு. முடியலன்னா சொல்லிடுங்க, சாமான் கிடங்கு கேட்ல நாற்காலி போட்டுத் தர்றேன். சம்பளம் கொறையாது."

சம்பளம் குறையாது, வீடு போய்விடும். அந்த வீடு மூத்த ஆபரேட்டர் வேலைக்கு உரிய வீடு. கேட்டில் உட்காருகிறவனுக்கு நாற்காலிதான் உண்டு, சுவர் கிடையாது. அதைவிட, மோட்டார் சத்தம் கேட்காத இடத்தில் மோட்டார் என்று யார் கூப்பிடுவார்கள்?

"முடியும் சார்," என்றார்.

காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை அவர் முறை. பம்பு ஹவுசில் ஒரு சட்டம் உண்டு. ஓடுகிற பம்பைத் தனியே விட்டு ஆபரேட்டர் நகரக் கூடாது. நகர வேண்டுமென்றால் பம்பை நிறுத்திவிட்டு, நிறுத்திய நேரத்தையும் காரணத்தையும் லாக் புக்கில் எழுத வேண்டும். எல்லாருக்கும் இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒன்றுக்குப் போய்விட்டு இரண்டு நிமிஷத்தில் வந்தால் யார் எழுதப் போகிறார்கள்? மோட்டாருக்குப் பத்து நிமிஷம் வேண்டும். முதல் நாட்களில் பை பழகாததால் ஷிப்டுக்கு மூன்று தரம், நாலு தரம் போக வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போகலாமென்றால் வாசல் பின் தெருவில், சுற்றிப் போக வேண்டும். முற்றத்துக் கோடியில் இருக்கிற கழிவறைதான் கதி.

முதல் நாள் பேனாவைத் திறந்து காரணம் என்ற கட்டத்தின் முன் நின்றார். 'வயிற்றுப் பையைக் காலி செய்ய' என்று எழுதக் கை வரவில்லை. அடுத்த ஷிப்ட்காரன் படிப்பான். அவன் பெண்டாட்டியிடம் சொல்வான். அவள் குழாயடியில் சொல்வாள்.

'கம்பித் தடுப்பில் குப்பை அடைப்பு' என்று எழுதினார்.

பம்பு ஹவுசின் கீழே கழிவுநீர் சேருகிற கிணறு. அதற்குள் தண்ணீர் வருகிற வாயில், துணியும் கட்டையும் பம்புக்குள் போகாமல் தடுக்க இரும்புக் கம்பிகள் வரிசையாக நிற்கும். அதில் எப்போதாவது அடைப்பு வருவது உண்டுதான். பொய்யிலேயே நம்பத் தகுந்த பொய். அதனால் இரண்டாம் தரமும் அதையே எழுதினார். மூன்றாம் தரமும்.

ஒன்பதாம் நாள் இன்ஜினியர் லாக் புக்கை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். விரலால் எண்ணினார்.

"ஒன்பது நாள்ல முப்பத்தொரு அடைப்பு. போன வருஷம் முழுக்கப் பதினாலுதான், மோட்டார்."

மோட்டார் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார்.

"மத்த ரெண்டு ஷிப்ட்லயும் ஒண்ணுகூட இல்ல. உங்க ஷிப்ட்ல மட்டும்தான்." இன்ஜினியர் புருவத்தைச் சுருக்கினார். மோட்டாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. "அப்படின்னா என்ன அர்த்தம்? காலை நேரத்துல மேல எவனோ துணி மூட்டையக் கொண்டுவந்து கொட்றான். கண்டுபிடிச்சே ஆகணும். ஒடம்பு சரியில்லாத மனுஷன், தனியா முப்பத்தொரு தடவை வாரி இழுத்திருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

மறுநாள் காலை ஆறேகாலுக்கு நீளக் கைப்பிடி வாரிகளோடு நாலு பேர் வந்து இறங்கினார்கள். மாதக் கடைசி வரை இங்கேதான் வேலை என்று உத்தரவு. அந்த நாலு பேரில் தலைவி ஒரு பெண். எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். ஒரு வாய் பேசினால் நாலு தெரு திரும்பிப் பார்க்கும் குரல். கம்பித் தடுப்பின் மேடை எங்கே இருந்தது தெரியுமா? முற்றத்துக் கழிவறைக்கு நேர் எதிரே. பத்து எட்டு.

நாலு பேரும் வாரியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தண்ணீர் தெளிந்த மனம் மாதிரி ஓடியது. ஒரு தேங்கலும் இல்லை. ஒன்பது மணிக்கு ஒரு பிளாஸ்டிக் செருப்பு வந்தது. நாலு வாரியும் ஒன்றாகப் பாய்ந்தன.

"அண்ணே, குப்ப எங்கண்ணே?" என்று மேஸ்திரி கத்தினாள்.

"வரும் வரும்."

"எப்ப வரும்? சொல்லி வச்சுட்டா போயிருக்கு?"

மோட்டார் கழிவறைப் பக்கம் நடந்தார். நாலு பேரும் வேலையில்லாத கண்ணால் அவரையே பார்த்தார்கள். பாதி வழியில் திரும்பி, பம்பின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"அண்ணே, சட்டப்பைல கண்ணாடிக் கூடு இருக்கு. மூஞ்சில கண்ணாடியக் காணோமே?"

கண்ணாடிக் கூட்டுக்குள்தான் குழாய். "படிக்கறதுக்கு," என்றார்.

"இங்க படிக்கறதுக்கு என்ன இருக்கு? தண்ணில எழுதியா வருது?"

பகலில் ஒரு தரம், அவர்கள் சாப்பாட்டுக்குத் திரும்பி உட்கார்ந்த நேரம் பார்த்து உள்ளே ஓடினார். அவசரத்தில் பாதிதான் காலியாயிற்று. வெளியே வந்தபோது மேஸ்திரி சாப்பாட்டுக் கையோடு சிரித்தாள்: "நீங்க உள்ள போனா பம்பு நிக்குது. வெளிய வந்தா ஓடுது. குப்பையும் உங்களோடதான் போயிட்டு வருதாண்ணே?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குக் காது சிவந்தது. அன்று வீட்டுக்கு வந்து ஒரு முடிவு செய்தார். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் தண்ணீரோடு இருபத்திரண்டு வருஷம் வாழ்ந்தவருக்குத்தான் அப்படித் தோன்றும். கிணற்றுக்கு வரத்துக் குறைந்தால் பம்பை நிறுத்தி வைக்கலாம் இல்லையா? அப்படியானால் வயிற்றுக்கு வரத்தைக் குறைத்தால் எட்டு மணி நேரம் தாங்கும். காலையில் அரை டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி. அப்புறம் இரண்டு மணி வரை எதுவும் இல்லை.

முதல் நாள் தாங்கியது. வெற்றி என்று நினைத்தார். இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு வயிறு பலகையாக இறுகிவிட்டது. கம்பி மேடையில் யார் இருந்தால் என்ன என்று கழிவறைக்குள் போய்க் குழாயை விட்டார். போயிற்று. ஒன்றும் வரவில்லை. திருப்பினார், இழுத்தார், மறுபடி விட்டார். குழாயின் முனைக் கண்களில் களிமண் அப்பினாற்போல அடைத்திருந்தது. உள்ளே மேலும் மேலும் சேர்ந்துகொண்டே இருந்தது. முறுக்கல் அலை அலையாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி வரை நின்று, சாவியைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டு வாசலுக்கு வந்து மடங்கி உட்கார்ந்தார்.

மனைவி மெஷினை விட்டு ஓடி வந்தாள். முகத்தைப் பார்த்தாள், வயிற்றைத் தொட்டாள், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். கொடுத்துவிட்டபடியே நிறைந்திருந்தது.

"அக்கா, வண்டி கூப்பிடுங்க," என்றாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பை வைத்தவர்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாள். குள்ளம், கண்டிப்பு, கை மட்டும் பஞ்சு. வெதுவெதுப்பான நீரை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, குழாய் வழியே கொஞ்சம் உள்ளே தள்ளினாள், கொஞ்சம் வெளியே இழுத்தாள். மறுபடியும் உள்ளே, மறுபடியும் வெளியே.

"எத்தன டம்ளர் தண்ணி குடிச்சீங்க இன்னைக்கு?"

"குடிச்சேன்."

"அதக் கேக்கல. எத்தன?"

மனைவி சொன்னாள்: "கொடுத்துவிட்ட பாட்டில் அப்படியே வந்துச்சு சிஸ்டர். நேத்து நான் வீட்டுல இல்ல, பாக்கல. இன்னைக்குப் பாத்தேன்."

"தண்ணியக் கொறச்சா பை நிறையாதுன்னு கணக்குப் போட்டீங்களாக்கும்?" நர்ஸ் சிரிஞ்சை இழுத்தாள். "நிறையத்தான் செய்யும். கெட்டியா நிறையும். நீங்க பம்புக்காரர்தான? வெயில் காலத்துல வரத்து கொறஞ்சா கிணத்தடில என்ன ஆகும்?"

"சேறு இறுகும்," என்றார் மோட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இறுகினா என்ன பண்ணுவீங்க?"

"தண்ணி விடுவோம்."

"அப்ப ஊர்க் கிணறுன்னா தெரியுது, சொந்த வயிறுன்னா தெரியல."

அரைமணி கழித்து உள்ளே ஏதோ இளகியது. குழாய் ஒரு தரம் இருமியது. அப்புறம் காற்றும் நீருமாக வரத் தொடங்கியது. வயிறு மெல்ல மெல்ல இறங்கியது. அவர் கண்ணோரம் வழிந்ததை மனைவி முந்தானையால் துடைத்தாள்; வலிக்காக வந்ததா, வலி போனதற்காக வந்ததா, அவள் கேட்கவில்லை.

"கேட்டுக்கோங்க," என்றாள் நர்ஸ், கை கழுவிக்கொண்டே. "நாளைக்கு எட்டு டம்ளருக்குக் கொறையக் கூடாது. சிரிஞ்ச் ஒண்ணு தர்றேன், கூடவே வச்சுக்கோங்க. குழாய் உள்ள போகலன்னா குத்தாதீங்க. சாஞ்சு நின்னு மூச்ச வெளிய விடுங்க, வயிறு தளர்ந்தா அதுவே வழி விடும். நேரமாச்சுன்னா எழுந்து போயிடணும். யார் பாத்தா என்ன? சாப்பிடறதுக்கு ஊரக் கேட்டா போறீங்க?"

திரும்பி வரும் வண்டியில் எல்லாவற்றையும் சொன்னார். முப்பத்தொரு அடைப்பையும். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நாலு பேரும்... வாரியப் பிடிச்சுக்கிட்டு... இல்லாத குப்பைக்கு..."

"சிரிக்காதடி."

"சிரிக்காம? நாளைக்கு இன்ஜினியர்கிட்டப் போயி சொல்லிடுங்க."

வீட்டில் அக்கா தலையில் கை வைத்தாள். "சொல்லப் போறானா? பொண்ணு மாதிரி வெக்கப்படற பய, அவன் வாயால சொல்லுவானா? சொன்னா ஊரே சிரிக்கும்டா தம்பி."

"நான் சிரிச்சுட்டேன் அக்கா," என்றாள் மனைவி. "ஒண்ணும் ஆகல பாருங்க. உசுரோடதான இருக்காரு."

மறுநாள் இன்ஜினியர் அறையில், நின்றபடியே சொன்னார். பையை, வால்வை, குழாயை, பத்து நிமிஷத்தை. சட்டையை ஓரமாகத் தூக்கி ஒட்டுத் துணியையும் காட்டினார். இன்ஜினியர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"வயிறு எப்படி வேணா இருக்கட்டும்," என்றார் கடைசியில். "லாக் புக்ல பொய் எழுதினீங்க பாருங்க. நாலு பேர நான் அங்க உக்கார வச்சிருக்கேன். மேல தெருவுல ரெண்டு கடைக்காரனக் கூப்பிட்டு மிரட்டியிருக்கேன்! அவனுங்க என் காலப் பிடிக்காத குறை."

"தப்புதான் சார்."

"மாசக் கடைசிக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு. எழுதறது எல்லாம் நெஜமா இருக்கணும். இன்னொரு பொய் பாத்தேன், கேட்ல நாற்காலிகூடக் கெடையாது." கொஞ்சம் நிறுத்தி, "அந்த நாலு பேர எடுக்க மாட்டேன். மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார்.

பம்பு ஹவுசுக்குத் திரும்பிய மோட்டார், நேரே மேடைக்குப் போனார். அவர் வாழ்க்கையில் பேசிய முதல் சொற்பொழிவு அது. ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நாலு வாரிகளும் அசையாமல் நின்றன.

மேஸ்திரி வாயில் கையை வைத்தாள். "அப்ப அந்தக் குப்பையெல்லாம் நீங்கதானாண்ணே?"

 எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். மோட்டாரும்தான். சிரித்ததில் வயிறு உருண்டது, அந்தச் சத்தம் வெளியே கேட்டது, மறுபடி சிரித்தார்கள்.

"கண்ணாடிக் கூட்டுல அதானா?" என்றாள் மேஸ்திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏண்ணே, அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருப்போமே. எங்களுக்கு இல்லாத வயிறா?"

அன்று சாயங்காலத்துக்குள் கழிவறையில் ஒரு கொக்கி, ஒரு பலகை, முகம் பார்க்கிற கண்ணாடித் துண்டு, வெந்நீர்ப் பிளாஸ்க் வைக்க ஒரு வளையம் எல்லாம் வந்துவிட்டன. கொக்கி அடித்தது மேஸ்திரி. லாக் புக்கில், '9.40 முதல் 9.51 வரை பம்பு நிறுத்தம். காரணம்: ஆபரேட்டர் வயிற்றுப் பையைக் காலி செய்தார்' என்று குண்டு குண்டாக எழுதினார். எட்டு டம்ளர் குடித்தார். ஷிப்டுக்கு இரண்டே தரம்; சில நாள் காற்று சேர்ந்து மூன்று. அடுத்த ஷிப்ட்காரன் படித்தான். குழாயடி வரை போனது. "அப்படியா?" என்று கேட்ட குழாயடி, குடம் நிறைந்ததும் கலைந்து போய்விட்டது.

ஆறு நாள் இப்படி. ஏழாம் நாள், மாதத்தின் கடைசி நாள், விடியும்போதே மழை.

மழையென்றால் சாதா மழை இல்லை. மேட்டுத் தெருவின் தண்ணீர் முழுக்கச் சாக்கடையில் புகுந்து கிணற்றுக்கு வந்தது. ஏழு மணிக்கே இரண்டு பம்பும் ஓடின. சுவரில் பதித்த அளவுகோலில் சிவப்புக் கோடு ஒன்று உண்டு. தண்ணீர் அதைத் தாண்டினால் பள்ளத் தெருவின் வீடுகளுக்குள் தரைத் துளை வழியே கழிவு ஏறும். நாற்பது வீடு. அதற்கென்று இன்னொரு சட்டம் லாக் புக்கின் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது: மழையில் பம்பை நிறுத்தக் கூடாது.

ஒன்பதே முக்காலுக்கு வயிறு சொல்லிவிட்டது. கால் மணி பொறுத்தார். முறுக்கு வந்தது. பம்பை நிறுத்தவும் முடியாது, விட்டு நகரவும் முடியாது. இன்ஜினியருக்குப் போன் போட்டார். மழையில் லைன் கிடைக்கவில்லை. பத்து நாள் முன்பாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பார். இப்போது ஜன்னல் வழியே கத்தினார்:

"மேஸ்திரி! இங்க வா!"

தலையில் கோணி போர்த்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"எனக்கு நேரமாயிடுச்சு. இந்த அளவுகோலப் பாரு. நிமிஷத்துக்கு ஒரு தடவ, தண்ணி நிக்கற எடத்துல சாக்பீசால கோடு போடு. இந்த ரெண்டு மீட்டர் முள்ளும் பச்சைக்குள்ள இருக்கணும். மஞ்சளத் தொட்டா மணியடி. எதையும் தொடாத."

"அவ்வளவுதான? போங்கண்ணே."

"பயமா இல்லயா?"

"நாலு புள்ளைங்களக் குளிக்க வச்சு ஸ்கூலுக்கு அனுப்பறவ நான். இது ரெண்டு மோட்டார்தான. போங்க!"

நேரத்தை எழுதினார்: '10.04. இரண்டு பம்பும் ஓடுகின்றன. அளவுகோல் மேஸ்திரியிடம் ஒப்படைப்பு. காரணம்: மேற்படி.' முற்றத்தை நனைந்தபடி கடந்தார்.

குழாயை விட்டார். போகவில்லை. பதற்றத்தில் வயிற்றுச் சதை கல்லாக இறுகியிருந்தது. இன்னொரு தரம். வாயிலேயே முட்டி நின்றது. அப்போது மணி அடித்தது. ஒரு தரம், இரண்டு தரம். வெளியே மேஸ்திரியின் குரல் மழையைக் கிழித்தது: "டேய், கம்பில குப்ப! நெஜக் குப்ப வந்துடுச்சுடா! பாய் ஒண்ணு, மூட்ட மூட்டயா எலை, எல்லாம் அடைச்சுக்கிச்சு! மூணு பேரும் இழுங்கடா!"

ஓடிவிடலாமா என்று கால் சொன்னது. ஓடினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அரைமணியில் மடங்கி விழுவார், அப்புறம் இரண்டு பம்பையும் பார்க்க யாருமில்லை. குழாயைக் கீழே வைத்தார். பிளாஸ்கைத் திறந்து இரண்டு வாய் வெந்நீர் குடித்தார். சுவரில் சாய்ந்தார். முற்றத்தைத் தாண்டி, தரையும் சுவரும் வழியே இரண்டு மோட்டாரும் முதுகில் அதிர்ந்தன. ஒன்றாம் நம்பர் சீராக, இரண்டாம் நம்பர் கொஞ்சம் கனமாக. இரண்டும் நலம். அந்த அதிர்வோடு மூச்சை வெளியே விட்டார். மறுபடி. மூன்றாம் மூச்சில் வயிறு கை விட்டது போலத் தளர்ந்தது. குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

முதலில் காற்று வந்தது. நீளமாக, அடங்காமல், எந்த வெட்கமும் இல்லாமல். அப்புறம் மற்றது. ஒரு சிரிஞ்ச் வெதுநீர் விட்டு அலசினார். கழுவினார், துடைத்தார், ஒட்டினார். கொக்கியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது மழை அவருக்கு லேசாக இருந்தது. வயிறும்தான்.

மேடையில் மூன்று பேர் பாயைக் கிழித்து மேலே எறிந்துகொண்டிருந்தார்கள். உள்ளே மேஸ்திரி, கையில் சாக்பீஸ், அளவுகோலை மூக்கால் தொடுகிற தூரத்தில் நின்றாள்.

"மஞ்சளத் தொட்டுச்சு, அடிச்சேன். நம்ம பசங்க இழுத்தாங்க. இப்ப எறங்குது பாருங்க!"

சுவரில் பன்னிரண்டு கோடு. ஏழு மேலே ஏறியிருந்தன, ஐந்து கீழே இறங்கியிருந்தன. மிக உயர்ந்த கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு சாண்.

'10.16. திரும்பப் பெறப்பட்டது. கம்பித் தடுப்பில் குப்பை அடைப்பு. நீக்கப்பட்டது' என்று எழுதினார். எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

மழை விடவில்லை. அடுத்த ஷிப்ட்காரன் வர முடியாமல் எங்கோ மாட்டிக்கொண்டான். இரண்டு மணி தாண்டியும் மோட்டார் நின்றார். இரண்டேகாலுக்கு இன்ஜினியர் முழங்கால் வரை சேறாக உள்ளே வந்தார். முதல் வேலையாக லாக் புக்கை எடுத்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"ஓடுற பம்ப விட்டுட்டுப் போனீங்களா?"

"விடல சார். ஒப்படைச்சேன். எழுதியிருக்கேன்."

"மணி அடிச்சதும் ஏன் வரல?"

"வந்திருந்தா பதினொரு மணிக்கு விழுந்திருப்பேன் சார். அப்புறம் யாரு பாக்கறது?"

இன்ஜினியர் சுவரருகே போனார். சாக்பீஸ் கோடுகளை ஒவ்வொன்றாக, முப்பத்தொரு அடைப்பை எண்ணிய அதே விரலால் எண்ணினார். பன்னிரண்டு. லாக் புக்கிலும் பன்னிரண்டு நிமிஷம்.

"பள்ளத் தெரு வழியாத்தான் வந்தேன்," என்றார். "ஒரு வீட்டுலயும் ஏறல. வாசல்ல உக்காந்து காய் நறுக்கிட்டிருக்காங்க."

சட்டைக்குள்ளிருந்து நனையாத ஒரு தாளை எடுத்தார். மேஜை மேல் வைத்து, தண்ணீர் சொட்டுகிற முழங்கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏதோ பேச வேண்டும் என்று தோன்றியது போலும், தொண்டையைச் செருமினார்.

"மோட்டார், இந்த இருபத்திரண்டு வருஷத்துல..."

"சார், மன்னிச்சுக்கணும்," என்றார் மோட்டார். கண்ணாடிக் கூடு கைக்கு வந்துவிட்டது. "எனக்கு நேரமாயிடுச்சு. மேஸ்திரி கம்பில நிக்குது. பத்து நிமிஷம் இந்த அளவுகோலப் பாத்துக்கோங்க. சாக்பீஸ் அங்க இருக்கு. மஞ்சளத் தொட்டா மணியடிங்க. எதையும் தொடாதீங்க."

பதிலுக்குக் காத்திராமல் முற்றத்தில் இறங்கிப் போனார்.

ஷிப்ட் முடிந்தும் வராதவரைத் தேடி, குடையும் சாப்பாடுமாக மனைவி பின் தெருவைச் சுற்றி வந்தாள். பம்பு ஹவுஸ் வாசலில் நின்று பார்த்தாள். இரண்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. சுவர் முன்னால், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, சாக்பீசும் கையுமாக இன்ஜினியர் நின்றிருந்தார்.

"சார், அவரு எங்க சார்?"

இன்ஜினியர் அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேசாதீங்கம்மா, கோடு தப்பிடும்," என்றார். "உள்ளதான் இருக்காரு. இன்னும் ஆறு நிமிஷம் ஆகும்."